கோடு கிழித்த கை

நீர்மலை வாழ்க. அதன் சுனைகள் வற்றாதிருக்க. அதன் மந்தைகள் பெருக. அதன் கோட்டைக் கதவுகள் விருந்துக்குத் திறந்தும் பகைக்கு அடைத்தும் நிற்க.

நீர்மலைக்கு உடையவரும், கணவாய்களின் காவலரும், பனிமுகட்டுக் குடையைத் தம் குடையாகக் கொண்டவருமாகிய ஆழிவேள் திருமுன்பு, அவருடைய உடன்பிறந்த தங்கையும் செந்தரை நாட்டுப் பட்டத்தரசியுமாகிய குவளைநாச்சி வாயால் சொல்ல, அரண்மனை ஓலைக்காரன் எழுதும் ஓலை இது. ஓலை விடுப்பவர் தம்மைப் பெயர் சொல்லியே குறிப்பது இந்நாட்டு வழக்கம். ஆகவே குவளை என்று வருமிடமெல்லாம் தங்கள் தங்கை என்று கொள்க.

தங்கள் ஓலை வந்தது. "வளர்பிறை முடிவதற்குள் செந்தரைக்கோன் தலை ஆற்றைக் கடந்து வர வேண்டும், வராவிட்டால் எம் படை ஆற்றைக் கடந்து வரும்" என்ற வரியைக் குவளை படித்தாள். படை ஏற்கெனவே கரையில் நிற்பதையும் அறிவாள். ஆற்றோரத்து உப்பளக் குடிகளின் கூரைகள் எரிந்த புகை அரண்மனை மாடத்தில் நின்றாலே தெரிகிறது. அங்கிருந்து ஓடி வந்தவர்களில் ஒருத்தி, கருகிய தன் ஆட்டுக்குட்டியைப் பிள்ளையைப் போல் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இறக்கி வைக்கச் சொன்னால் கடிக்க வருகிறாள்.

முதலில் தங்கள் மனம் ஆற வேண்டியதைச் சொல்ல வேண்டும். தம்பி சேந்தன் சாகவில்லை. அவன் வெட்டுண்டதாகச் சொன்ன ஏவலர்கள் பொய் சொல்லவில்லை. பாதி பார்த்துவிட்டுக் குதிரை ஏறியவர்கள் அவர்கள். தோளின் காறையெலும்பு உடைந்து, காய்ச்சலோடு, குவளையின் அறையிலேயே கிடக்கிறான். அசைத்தால் காயம் திறந்துகொள்ளும் என்று மருத்துவர் சொல்வதால் அனுப்ப வழியில்லை. இதைத் தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்று அவனே சொன்னான். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னான்:

"அண்ணே, நான் சேந்தன்தான். பலாமரத்துல இருந்து என்னத் தள்ளிவிட்டுட்டு, அவனாத்தான் விழுந்தான்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல? இதுவரைக்கும் நான் வாய் திறந்தேனா? இப்ப தெறக்கட்டுமா, இல்ல படையத் திருப்புறீங்களா?"

இனி நடந்ததை நடந்தபடி கேட்டருள வேண்டும். மறைத்தால் தங்கை கணவனைக் காக்கப் பேசுகிறாள் என்பீர்கள். காக்கத்தான் பேசுகிறாள். ஆனாலும் மறைக்கவில்லை.

மணமாகி இங்கே வந்த மறுநாள் விடிந்ததும் குவளை கண்டது இரத்தம். படுக்கை விரிப்பில் கோடு கோடாக, தலையணையில் சொட்டுச் சொட்டாக. கணவர் யாரையோ கொன்றுவிட்டு வந்து பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று எண்ணி அவள் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள். வேந்தர் வயிரவேள் கண் விழித்தார்.

"என்ன, பேயப் பாத்த மாதிரி நிக்குற?"

"உங்க கை."

அவர் போர்வையை இழுத்துக் கையை மூடினார். "ஒண்ணுமில்ல. கொசு."

"கொசுவா? புலின்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே போர்வைக்குள் கை போய் மறுபடி பிறாண்டத் தொடங்கியதை அவர் அறியவில்லை. அவள் அறிந்தாள்.

அது கரப்பான் என்னும் தோல்நோய். சிறு வயதிலிருந்தே இருப்பது. முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் பிடரியிலும் தோல் யானைத்தோலைப் போல் தடித்து, வெடித்து, நீர் கசிந்து, காய்ந்து, மறுபடி வெடிக்கும். தீயை உள்ளே வைத்துத் தைத்தது போல் இருக்கும் என்பார். வேலால் குத்துப்பட்டபோதுகூட அவர் ஒரு சத்தம் போட்டதில்லையாம். இதற்குப் பல்லைக் கடித்து அழுதிருக்கிறார். படுக்கையறைப் பணியாட்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. தெரியவும் கூடாது. மேனியில் ஆறாத புண் உள்ளவன் செந்தரை அரியணையில் அமர்ந்தால் நிலம் புண்ணாகும் என்பது இங்கே சட்டம். அவருடைய சிற்றப்பன் ஒருவரை இதே காரணம் சொல்லி உப்புக்குழியில் உயிரோடு தள்ளி மூடினார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை வெளிநாட்டார் எளிதில் நம்புவதில்லை. இங்கே அரசன் வாயிலிருந்து 'கொல்' என்ற சொல் வரக் கூடாது. வந்தால் அந்த ஆண்டு மழை இல்லை. ஆகவே கொல்லத் தகுந்தவன் என்று தீர்மானித்தால், அரசர் வலக்கை நகங்களை இடது முழங்கையில் வைத்து மணிக்கட்டு வரை இழுப்பார். கோடு கிழித்தல் என்று அதற்குப் பெயர். அவையில் எழுந்து பேசுபவர் வழக்காளியோ, சாட்சியோ, தூதரோ, யாராயினும் அவர் முதுகுக்குப் பின்னே வாள்காரன் நிற்பான். கோடு விழுந்தால் வாள் விழும். ஏன் என்று அவன் கேட்கக் கூடாது. இரண்டாம் முறை பார்க்கக் கூடாது. எந்தச் சொல்லும் அதை நிறுத்தாது. நிறுத்துவதற்கென்று ஒரு சொல்லை இந்நாட்டு முன்னோர் வைக்கவில்லை. இப்போதைய வாள்காரன் இடும்பனின் தகப்பன் ஒருமுறை தயங்கி நின்றான். அவன் கண்களைச் சூட்டுக்கோலால் அவித்தார்கள். அந்தத் தகப்பனைக் கைபிடித்து நடத்தியே வளர்ந்தவன் இடும்பன். அவன் தயங்க மாட்டான்.

இப்படிப்பட்ட நாட்டின் அரசருக்கு இப்படிப்பட்ட நோய்.

அவைக்குப் போகும்போது வேந்தர் இடக்கையில் அகலமான பொற்காப்பை இறுக்கிப் பூட்டிக்கொள்வார். புண்ணும் தெரியாது, கையும் தப்பித் தவறிப் பட்டுவிடாது. பூட்டிய இடத்தில் வேர்த்து, வேர்த்த இடத்தில் இன்னும் அரிக்கும். சிலையைப் போல் உட்கார்ந்திருக்கிறார், என்ன பொறுமை என்று அவை புகழும். உள்ளே அவர் வெந்துகொண்டிருப்பார்.

போன கோடையில் காரி என்ற உப்பு வணிகன் தன் கழுதையை அண்டை வீட்டுக்காரன் அவிழ்த்துக்கொண்டு போனதாக முறையிட வந்தான். நல்ல வாயாடி.

"மகராசா, என் கழுதைக்கு நான் அடையாளம் வேற சொல்லணுமா? என்னப் பாத்தா கத்தும். என் பொண்டாட்டியப் பாத்தாலும் கத்தும். ஆனா அது வேற மாதிரி கத்து, அது பயத்துல."

அவை சிரித்தது. வேந்தரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வேர்வையில் நழுவிய காப்பைச் சற்று மேலே தள்ளினார். தள்ளிய கை அங்கேயே நின்று, நகங்களை ஊன்றி, கீழே இறங்கியது.

காரி கழுதையின் காது எவ்வளவு நீளம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அடுத்த சொல்லுக்குத் திறந்த வாயோடு தலை தரையில் விழுந்து உருண்டு, முன்வரிசைப் புலவரின் மடியோரம் போய் நின்றது. உடல் விரித்த கைகளோடு ஒரு கணம் நின்றது. கழுத்திலிருந்து இரத்தம் பீறிட்டு மேல்விதானத் துணியை நனைத்தது. பிறகுதான் முழங்கால் மடங்கியது. புலவர் அந்த வாயைப் பார்த்தபடி வாந்தி எடுத்தார்.

தலைமை அமைச்சர் கூத்தனார்தான் முதலில் எழுந்தார். வேந்தர் பொய் வழக்கை ஒரு நொடியில் கண்டுகொண்டதாகப் பறைசாற்றினார். கழுதையை அவிழ்த்துப் போனவன் தரையில் விழுந்து புரண்டு, கழுதை தன் வீட்டிலேயே பிறந்தது என்று சத்தியம் செய்தான். பொழுது சாய்வதற்குள் காரி செய்யாத குற்றமே இல்லை என்று ஊர் பேசியது. காரியின் மனைவி வாசலில் வந்து கத்தினாள். காவலர் ஈட்டிக் கம்பால் அடித்து அவள் தாடையை உடைத்தார்கள்.

வேந்தர் உள்ளே வந்து காப்பைக் கழற்றிச் சுவரில் வீசினார்.

"நான் கோடு கிழிக்கல, குவளை. அரிச்சுது. சொறிஞ்சேன்."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கையக் காட்டுன்னுவாங்க. காட்டினா உப்புக்குழிதான்." அவர் தரையில் உட்கார்ந்தார். "சிரிக்க வெச்சான் குவளை. அவன் சொன்னதுக்கு நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லும்போதே கை பிடரியைக் கிழித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் நோய் வெறி பிடித்தாற்போல் ஆயிற்று. காரியை நினைத்தால் அரிக்கும். அரித்தால் காரி நினைவுக்கு வருவான். பாயைச் சொறிவார், தூணில் முதுகைத் தேய்ப்பார், ஒருநாள் குதிரைக்குத் தேய்க்கும் இரும்புச் சீப்பை எடுத்து முன்கையில் இழுத்து, தோல் சுருள் சுருளாக வந்தபோது கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். அந்த 'அப்பாடா'வைக் கேட்டுத்தான் குவளை நடுங்கினாள்.

குவளைக்கு மருத்துவம் தெரியாது. பார்க்கத் தெரியும். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"இப்ப சொறியுறீங்க."

"இல்லையே."

"நகத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். நகக்கண் முழுதும் இரத்தம். தன் கையைப் பிறர் கை போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எதிரி வெளியே இருந்தால் வெட்டலாம். தன் கையே ஒளிந்து வந்து தாக்கினால் யாரை வெட்டுவது?

ஒரு மதியம் அவர் கண்ணயர்ந்திருக்கையில் அந்தக் கை கிளம்பியது. குவளை பிடித்தாள். தூக்கத்திலேயே அவர் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து அவள் வாய் நிறைய இரத்தம். பிடியை விடாமல், வேறு வழியில்லாமல், அந்தக் கையைக் கடித்தாள். அலறி எழுந்தார்.

"நீயா?"

"நாந்தான். யாருன்னு நெனச்சீங்க?"

"இடும்பன். முதுகுக்குப் பின்னால நிக்கிறான்னு."

அவர் அவள் உதட்டைத் துடைத்தார். அவள் அவர் கையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் கையோடு போர் தொடுத்தார்கள். கொதிக்கும் வெந்நீரில் குளித்தால் அவருக்குச் சுகமாயிருக்கும், சற்று நேரத்தில் மேனியெல்லாம் எரியும், அதை நிறுத்தினாள். ஆறிய நீர் ஊற்றி, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயைப் பூசினாள். பொற்காப்பை எடுத்துவிட்டு, துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப் போன பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினாள். நகங்களை ஒட்ட வெட்டிக் கல்லில் தேய்த்தாள். அரித்தால் நனைத்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும், நகம் கூடாது. அவர் குழந்தையைப் போல் அடம்பிடித்தார். "ஒரே ஒரு தடவ, குவளை. ஒரே ஒரு இழுப்பு." அவள் கொடுக்கவில்லை.

பார்த்துப் பார்த்து அவள் ஒன்றைக் கண்டாள். கை கிளம்புவதற்கு முன் இடது தோள் சற்றே மேலே எழும், தாடை இறுகும். அந்த வேளையில் வலக்கைக்குப் பிடிக்க ஏதாவது கொடுத்துவிட்டால் கை ஏமாந்து போகும். நம் ஊர் ஓடையிலிருந்து அவள் கொண்டுவந்த வழுவழுத்த கூழாங்கல்லை அவர் கையில் வைத்தாள். அவையில் வேந்தருக்கு விசிறும் வேலையை, அவளோடு நீர்மலையிலிருந்து வந்த சொக்கிக்குக் கொடுத்தாள். தோள் எழும்பினால் சொக்கி விசிறியால் பிடரியைத் தொடுவாள். வேந்தர் கல்லை இறுக்குவார். அவ்வளவுதான். அதன் பிறகு அவையில் யாருக்கும் தவறிக் கோடு விழவில்லை. தோலும் மெல்ல ஆறத் தொடங்கியது. குவளை கருவுற்றதும் அந்த நாட்களில்தான்.

முதற்பேற்றுக்கு அக்காவை அழைத்துப் போகச் சேந்தன் வந்தான். தூதராக வருபவர் அவையில்தான் கேட்க வேண்டும் என்பது முறை. அந்தக் காலைதான் எல்லாம் புரண்டது.

நீர்மலைத் தூதர் பேசும்போது நீர்மலைக்காரி அரியணைக்குப் பின்னே நிற்கலாகாது என்று கூத்தனார் சொக்கியை விலக்கி, வேறொருத்தியை நிறுத்தினார். அவர் சதி செய்தார் என்று எண்ண வேண்டாம். அவர் அறிந்தது முறை மட்டுமே. வேந்தர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கட்டுச் சாளரத்தில் வந்து உட்கார்ந்த குவளையும் முதலில் கவனிக்கவில்லை. அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாங்கள் அன்போடு அனுப்பிய கம்பளிப் போர்வையைச் சேந்தன் படியேறிப் போய் வேந்தருக்குப் போர்த்தினான். பரிசை இரு கையாலும் வாங்க வேண்டும். வேந்தர் கல்லைக் கீழே வைத்தார். தூதர் பேசி முடிக்கும்வரை பரிசைக் கழற்றவும் கூடாது.

"மச்சான், மலையாட்டு மயிரு. குளிருக்கு அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"இங்க குளிரு எங்கய்யா இருக்கு? போத்திக்கிட்டு நானே உப்பா காய வேண்டியதுதான்."

அவை சிரித்தது.

"அக்காவ அனுப்பி வைங்க மச்சான். புள்ளையோட வந்து சேரும்."

"அனுப்புறேன். திருப்பி விடுவீங்களா?"

"புள்ளைய விடுறோம். அக்காவப் பத்தி அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாளரத்துக்குப் பின்னே குவளையும் சிரித்தாள். வேந்தர் நெற்றியில் வேர்வை ஓடியது. கம்பளி மயிர் ஒவ்வொன்றும் பழைய புண்ணில் ஊசியாய் இறங்கியிருக்கும். இடது தோள் மேலே எழும்பியது.

குவளை சொக்கியைத் தேடினாள். அங்கே விசிறியோடு வேறு யாரோ நின்றாள்.

"கை!" என்று கத்தினாள். அரசி அவையில் குரல் எழுப்பியது அதுவே முதல் முறை. "கையப் பாருங்க!"

வேந்தர் குனிந்து பார்த்தார். வலக்கை நகங்கள் இடது முழங்கையிலிருந்து பாதி தூரம் இறங்கியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதித் தூரமும் இறங்கின. சேந்தன் இன்னும் படியில் சிரித்தபடி நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னே இடும்பனின் வாள் மேலே போய்விட்டது.

நிறுத்து என்று சொல்லச் சொல் இல்லை. வேந்தர் பாய்ந்தார். சேந்தனின் கழுத்துக்கும் வாளுக்கும் நடுவே எது முதலில் போய்ச் சேருமோ அதை நீட்டினார். இடக்கை போய்ச் சேர்ந்தது.

முழங்கைக்குக் கீழே எலும்போடு அறுத்த வாள், பாதி வேகத்தோடு சேந்தனின் தோளில் இறங்கி, காறையெலும்பை உடைத்து, அங்கேயே சிக்கி நின்றது. அறுந்த கை கம்பளி மேல் விழுந்து, விரல்களை மடக்கி மடக்கி விரித்தது. சேந்தன், "மச்சான்?" என்று கேட்டபடியே முகம் குப்புற விழுந்தான். நீர்மலை ஏவலர்கள் அதைப் பார்த்ததும் ஓடினார்கள். தாங்கள் கேட்டது அவர்கள் வாயிலிருந்து.

அவர்கள் பார்க்காதது இது. காவலர்கள் இடும்பன் மேல் விழுந்தார்கள். ஈட்டிக் கம்பால் வாயில் இடித்தார்கள், பற்கள் சிதறின. விலாவில் மிதித்தார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வேந்தர் தம் இரத்தத்தின் நடுவே உட்கார்ந்தபடி கத்தினார்:

"அவன விடுங்கடா! அவன் செஞ்சது அவன் வேல. தப்பு என்னுது." அறுந்த கையை எடுத்து, பழந்துணிச் சுற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க. புண்ணு. இவனுக்குக் கோடு போட்டது தீர்ப்பு இல்லடா, அரிப்பு! காரிக்குப் போட்டதும் அரிப்புதான். தப்பே செய்யாதவன நான் சொறிஞ்சே கொன்னுட்டேன்."

இரத்தம் நிற்க, முழங்கையோடு நின்ற முனையைக் கொதிக்கும் எண்ணெயில் தோய்த்தபோது அவர் போட்ட கூச்சல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும். பிறகு நினைவிழந்தார்.

அவர் நினைவு திரும்புவதற்குள் தங்கள் ஓலையும் வந்துவிட்டது. அமைச்சர்கள் கூடினார்கள். புண்ணும் உண்டு, இப்போது கையும் இல்லை. வயிரவேள் இனி அரசர் அல்லர். அவரைக் கட்டி ஆற்றைக் கடத்தினால் நாடு பிழைக்கும். கூடவே இடும்பன் தலையையும் வைத்தனுப்பினால் நீர்மலையார் சினம் ஆறும் என்று கூத்தனார் முறையாக எடுத்துரைத்தார். அரசர் இல்லாதபோது வாரிசைச் சுமக்கும் வயிற்றுக்கே அரியணை உரியது என்பதும் இந்நாட்டு முறைதான். குவளை போய் அரியணையில் உட்கார்ந்தாள். முதல் ஆணையாக, இனிக் கோடு இல்லை. ஒருவன் சாக வேண்டும் என்று சொல்பவர் அவன் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, தம் வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

"மழை வராதே, நாச்சியாரே," என்றார் கூத்தனார்.

"இதுவரைக்கும் எங்க வந்துது?"

அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் இடும்பனுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். கொண்டுவந்தார்கள். வீங்கிய முகம், உடைந்த வாய். மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினான்.

குவளை உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சாக வேண்டும் என்றே அவள் விரும்பினாள். உள்ளே அவள் அறையில் சேந்தன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். கணவர் கை போய்க் கிடந்தார். அவளுக்கு இரத்தம் வேண்டியிருந்தது. "இடும்பன்," என்றாள். அடுத்த சொல்லுக்கு நாக்கு மேலே போய் நின்றது. விழுங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி நின்றது.

"சீக்கிரம் சொல்லுங்க நாச்சியாரே. முட்டி தாங்கல." பிறகு அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "வரலியா?"

"வரல."

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் கை வராமத்தான் இருந்துச்சு," என்றான் இடும்பன். "கேக்கத்தான் ஆளில்ல."

அவனை எழுப்பிவிட்டாள். கூத்தனாரைப் பார்த்து, வேந்தரைக் கட்டி அனுப்புவதானால் உள்ளே போய், அவர் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, வேந்தருக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காரியின் மனைவியை அழைத்து வேந்தர் எல்லாவற்றையும் அவரே சொன்னார். உடைந்த தாடையோடு அவளால் பேச முடியவில்லை. அவர் முகத்தில் உமிழ்ந்தாள். அவர் துடைக்கவில்லை.

வேந்தர் பிழைத்துவிட்டார். கை போயிற்று, அரிப்பு போகவில்லை. இல்லாத மணிக்கட்டு அரிக்கிறது என்கிறார். முதலில் குவளை நம்பவில்லை. தூக்கத்தில் வலக்கை கிளம்பி, இடக்கை கிடக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பைப் பிறாண்டுவதைக் கண்ட பிறகு நம்பினாள். நனைத்த துணியை அந்த வெற்று விரிப்பின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறாள். "கொஞ்சம் கீழ," என்கிறார். கீழே நகர்த்துகிறாள். "ஆங், அங்கதான்," என்கிறார். அடங்குகிறது. எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை.

தங்கள் ஓலையைக் குவளை அவருக்குப் படித்துக் காட்டினாள். "உங்க அண்ணன் கேக்குறதுல தப்பில்ல. ஆனா ஓலையில வேண்டாம். நேர்ல வந்து சொல்லட்டும். கேட்டுக்கிறேன்," என்றார்.

ஆகவே, செந்தரை அரியணையிலிருந்து ஆணையாகவும், தங்கையின் வாயிலிருந்து வேண்டுதலாகவும், இதனால் அறிவிப்பது:

வளர்பிறை முடியும் நாள் காலையில், ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டுக்கு வயிரவேள் வருவார். அவரோடு குவளை மட்டும் வருவாள். வாள் வராது, படை வராது. தாங்களும் அவ்வாறே வர வேண்டும். வந்து, அவர் முகத்தைப் பார்த்து, வயிரவேள் என்று பெயர் சொல்லி, தாங்கள் ஓலையில் எழுதியனுப்பிய அந்தச் சொல்லைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல் வந்தால் அவர் கழுத்து தங்களுடையது. செந்தரையில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள், குவளையும் தூக்க மாட்டாள். சொல் வராவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் படையைத் திருப்பிக்கொண்டு போய், எரித்த கூரைகளை வேய்ந்து தர ஆளும் மூங்கிலும் அனுப்ப வேண்டும். குவளை பேற்றுக்கு நீர்மலைக்கு வர மாட்டாள். குழந்தை பிறந்ததும் பார்க்கத் தாங்கள் வரலாம், கதவு திறந்திருக்கும்.

செந்தரையின் முத்திரை மோதிரம் எப்போதும் அரசரின் இடக்கையில் இருப்பது. கையைப் புதைக்கும் முன் அதைக் கழற்றிக் கழுவி, குவளை தன் கட்டைவிரலில் இட்டு, இந்த ஓலையின் அரக்கின் மேல் அழுத்தியிருக்கிறாள். எழுதியவன் செந்தரை ஓலைக்காரன். சொன்னவள் குவளைநாச்சி. கேட்பவர் ஆழிவேள். இதை இடையில் கிழிப்பவர் கை வழங்காது போக. படிப்பவர் கண் குளிர்க.